பாதபூஜைக்கு வெந்நீர்

சாமி,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. திறந்தபடியே கொடுத்தனுப்புகிறேன். உன் கைக்கு வந்து சேருவதற்குள் யார் எடுத்துப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை, படித்தால் நல்லதுதான். தை பிறந்ததும் உனக்குக் கல்யாணம். அந்தச் சமயத்தில் பெற்றவள் மகனுக்குப் புத்தி சொல்லி எழுதுவது உண்டு என்று வாரப் பத்திரிகைகளில் படித்திருக்கிறேன். பெண்டாட்டியை மதி, கோபத்தைக் குறை, மாமனார் வீட்டில் வாயை அளந்து பேசு என்றெல்லாம் எழுதுவார்கள். அதெல்லாம் உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாயை அளந்து பேசுவதில் உன்னை மிஞ்ச ஏற்காட்டிலும் ஆள் கிடையாது, சேலத்திலும் ஆள் கிடையாது. நான் எழுதப் போவது வேறு விஷயம். உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் கால் வலிக்கும். உனக்கு இரண்டு கால் இருக்கிறது.

நேற்று சாயங்காலம் ஃபோனில் நீ சொன்னதை உங்கப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "அம்மா, பாதபூஜைக்குப் பெரியப்பாவும் பெரியம்மாவும் உக்காரட்டும்மா. உனக்கு எதுக்கு அந்தச் சிரமம்? நீ முன்னால சோபாவுல சவுகரியமா உக்காந்து பாரு" என்றாய். எவ்வளவு பதமாகச் சொன்னாய்! தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளை தாய் தகப்பனை உட்கார வைத்து, அவர்கள் காலைத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து விழுந்து கும்பிடுவது நம் பக்கத்து வழக்கம். பெற்றவள் உயிரோடு இருக்கும்போது பெரியம்மா காலைக் கழுவிய மாப்பிள்ளையை நான் பார்த்ததில்லை. சிரமம் யாருக்கு? எனக்கா, வீடியோ எடுக்கிறவனுக்கா? தாம்பாளத்தில் உங்கப்பா கால் இரண்டும் என் கால் ஒன்றுமாக மூன்றுதான் தெரியும். பக்கத்தில் ரப்பர் கால் ஒன்று நீட்டிக்கொண்டு இருக்கும். முதல் வரிசையில் உன் காலேஜ் பிரின்சிபால் உட்கார்ந்திருப்பார். அதுதானே உனக்குச் சிரமம்? உங்கப்பா "உடு, பையன் நல்லதுக்குத்தான் சொல்றான்" என்றார். அவர் இதுவரைக்கும் யாரையும் எதிர்த்துப் பேசியது கிடையாது. அந்தக் குணம்தான் உனக்கு வந்திருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை. அவர் பயந்தவர். நீ கெட்டிக்காரன்.

உன்மேல் எனக்குப் பாசம் இல்லாமல் இதை எழுதவில்லை. நீ நர்சிங் படிக்கப் போனபோது பஸ் ஸ்டாண்டில் ஒருவன் "என்னக்கா, பையன் ஊசி போடப் போறானா, பிரசவம் பாக்கப் போறானா?" என்று கேட்டுச் சிரித்தான். கையில் இருந்த குடையாலேயே அவனை ஒரு போடு போட்டேன். குடைக் கம்பி வளைந்துபோனது. அந்த வளைந்த குடையைத்தான் அடுத்த மழைக்காலம் முழுவதும் பிடித்துக்கொண்டு காப்பிக்கொட்டை பொறுக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனேன். என் மகன் நோயாளிகளுக்கு நல்லது சொல்லித் தருவான் என்று நடந்த வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போவேன். அப்புறம் நீ வாத்தியாரானாய். நோயாளிக்கும் அவர் வீட்டாருக்கும் எப்படிச் சொல்லித் தருவது என்று நர்சு படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற வேலை. நம் ஊர் வெள்ளக்கடை முழுக்க அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். அந்த நாக்கைத்தான் இப்போது கடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தைப் பார்வையிட மேலிடத்தில் இருந்து ஆள் வருவார்கள். அன்றைக்கு மட்டும் உங்கள் எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை மாட்டுவார்கள். வந்தவர்கள் ஜீப் ஏறியதும் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். ஒரு தடவை நீ கழற்ற மாட்டேன் என்று தரையில் புரண்டாய். நான் உன்னை முதுகில் அறைந்து கழற்றிக் கொடுத்தேன். அழுதுகொண்டே "அப்ப ஏம்மா போட்டாங்க?" என்று கேட்டாய். "பாக்க வந்தவங்களுக்குக் காட்டத்தான் கண்ணு" என்றேன். அன்றைக்கு உன்னை அடித்ததற்குப் பதிலாக அந்தப் பெட்டியைத் தூக்கிப் பள்ளத்தில் போட்டிருக்க வேண்டும். அந்தப் பாடத்தை நீ நன்றாகப் படித்துக்கொண்டாய், எனக்கே திருப்பி நடத்தினாய்.

போன மார்கழியில் உன் மாணவிகளுக்குப் பரீட்சை. வீட்டில் இருக்கும் நோயாளிக்கு நேரில் சொல்லித் தர வேண்டும், வெளியிலிருந்து ஒரு எக்ஸ்டர்னல் மேடம் வந்து மார்க் போடுவார் என்றாய். நோயாளி வேண்டுமே என்று ஊர் முழுக்க அலையவில்லை. சர்க்கரை நோய்க்காரி உன் வீட்டிலேயே இருந்தாள். முந்தின நாள் நீ பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, காப்பி கூடக் குடிக்காமல் என் எதிரில் உட்கார்ந்தாய். "அம்மா, அந்தப் புள்ளைங்க எது கேட்டாலும் தெரியுதுங்க, புரியுதுங்க, செய்யறனுங்கன்னு சொல்லு. குறுக்குக் கேள்வி கேக்காத. போன தடவை ஒரு பாட்டி எதுத்துக் கேட்டு எல்லாத்தயும் கெடுத்துருச்சு. எனக்கு இந்த வருசந்தான் வேலை நிரந்தரமாகணும்" என்றாய். நீ கேள்வி கேட்க நான் பதில் சொல்ல, ஒத்திகையும் பார்த்தோம். நான் "செரிங்க" என்றதும் "இன்னும் கொஞ்சம் சிரிச்ச மொகமா சொல்லும்மா" என்றாய். சிரித்துச் சொன்னேன். மாணவிகளைத் தயார் செய்ய உனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். நீ நோயாளியைத் தயார் செய்தாய்.

மறுநாள் வந்த பிள்ளைகளில் எனக்குச் சொல்லித் தர வந்தவள் கோமதி. செம்மநத்தத்துக் கூலிக்காரர் மகள். ஒல்லியாக, குளிரில் உதடு வெடித்துப்போய், படம் வரைந்த அட்டைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். முதல் இரண்டு அட்டையைக் கிளிப்பிள்ளை போல் ஒப்பித்தாள். அப்புறம் எனக்கே ஆச்சரியமாக, அட்டைகளைக் கீழே வைத்துவிட்டாள். என் இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். மேடத்துக்குக் காப்பி கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளர் பக்கத்தில் சூடாக இருந்தது. அதன் அடியை என் பாதத்தில் லேசாக ஒற்றிவிட்டு, "ஏனுங்கம்மா, சூடு தெரியுதுங்களா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. டம்ளர் பட்டதே அவள் கை நகர்ந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. என் கால் மரத்துப்போய் வெகு காலம் ஆகிவிட்டது என்பது உனக்கும் தெரியும். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் மார்க்கெட் வரைக்கும் நடந்துபோனதை உன்னிடம் சொன்னேன். நீ சிரித்தாய். அன்றைக்கு நான் நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். மேடத்தின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு நீ தலையை ஆட்டினாய். "நல்லா தெரியுதுங்க" என்றேன், சிரித்த முகமாக.

அவள் அத்தோடு விடவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "கால் கழுவறதுக்கு வெதுவெதுன்னு தண்ணி வெச்சுக்கங்கம்மா. அது வெதுவெதுப்புத்தானான்னு எதுல தொட்டுப் பாப்பீங்க? செஞ்சு காட்டுங்க பாப்போம்" என்றாள். அப்போது உன் குரல் வந்தது. "டைம் ஆச்சு. அடுத்த அட்டைக்குப் போ." அவள் உன்னைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள், என் காலை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். நகம் வெட்டுகிற அட்டையை எடுத்தாள். மேடம் எனக்குக் கை கொடுத்து, "இவ்வளவு நல்லா ஒத்துழைக்கிற பேஷன்ட்டைப் பாத்ததே இல்ல" என்றார். நீ பூரித்துப்போனாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நீ அதை ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை. இப்போது கேள். மலை முழுக்கப் பனி மூடிக் கிடந்த ஒரு சாயங்காலம், கொட்டகையிலிருந்து விறைத்துப்போன காலோடு வந்தேன். அந்தப் பிள்ளை சொல்லிக் கொடுத்தபடி காலைக் கழுவலாம் என்று அடுப்பில் தண்ணீர் வைத்தேன். அகலமான அன்னக்கூடைப் பாத்திரத்தில் ஊற்றினேன். சூடு பார்க்கக் கையை விடவில்லை, வலது காலைத்தான் விட்டேன். ஒன்றும் தெரியவில்லை. ஆறிப்போய்விட்டதோ என்று இன்னும் கொஞ்சம் கொதிநீர் ஊற்றினேன். அப்பவும் தெரியவில்லை. டிவியில் தொடர் ஓடிக்கொண்டிருந்தது, காலை உள்ளே வைத்தபடியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கப்பா வந்தவர், "தண்ணியில ஆவி பறக்குது, நீ என்னடி கால வெச்சுட்டு உக்காந்திருக்கற?" என்று கத்தினார். காலை வெளியே எடுத்தேன். தோல் கூடவே வரவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் அலறினேனே தவிர, வலித்து அல்ல. அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு வலிக்கவே இல்லை. புண் ஆறவில்லை, கருத்தது, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இதுவரைக்கும் நடந்ததை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம்தான். எழுத மாட்டேன், ஆனால் அதற்காக உன்னிடம் சண்டைக்கும் வந்திருக்க மாட்டேன். நீ சொன்னதற்காக நான் பொய் சொன்னேன். என் பங்குக்கு ஒரு கால் போனது. சரி. உன் பங்கு எங்கே போனது என்பதுதான் கேள்வி. சேலத்து ஆஸ்பத்திரிக்கு உன் பிரின்சிபால் என்னைப் பார்க்க வந்தார். நம் பரீட்சையில் சொல்லித் தந்த நோயாளிக்கே இப்படி ஆனது எப்படி என்று உன்னிடம் கேட்டார். நான் மயக்கத்தில் இருப்பதாக நீ நினைத்தாய். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "தண்ணியை முழங்கையில் தொட்டுப் பாக்கணும்ன்னு சொல்லித் தர அந்த ஸ்டூடண்ட் மறந்துட்டா சார். நான் எவ்வளவோ தடவை கிளாஸ்ல சொன்னது" என்றாய். கால் அறுத்த இடம் அப்போதுதான் முதல் தடவையாக எனக்கு நிஜமாகவே வலித்தது.

கோமதியைக் கடைசிப் பரீட்சை எழுத விடவில்லை. அஜாக்கிரதையால் நோயாளிக்குக் கேடு என்று பேரைக் கெடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் என்னைப் பார்க்க வார்டுக்கு வந்தாள். கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டு, "மன்னிச்சுருங்கம்மா. நான்தானுங்க சொல்லாம உட்டுட்டன். நொம்பத் தப்புங்க. உங்க மொகத்தைப் பாத்தப்பவே எனக்குச் சந்தேகந்தானுங்க, இருந்தும் உட்டுட்டன்" என்று அழுதாள். நீ செய்ததை அவள் தான் செய்ததாகவே நம்பிவிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? "செரி கண்ணு, அழாத" என்றேன். உண்மையைச் சொல்லவில்லை. அப்போதுதான் உனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்த ஒரு வருஷமாக அவள் கூலிக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போகிறாள். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டி நம் வாசலைத் தாண்டும்போது, பின்னால் நின்றபடி ரப்பர் மாட்டிய என் வலது காலைத்தான் பார்ப்பாள், என் முகத்தைப் பார்ப்பதில்லை. வேலையில்லாத நாளில் நம் ஊட்டுக்கு வருவாள். சிரிக்க மாட்டாள். காப்பி கொடுத்தால் குடிக்க மாட்டாள். மிச்சமிருக்கிற காலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அப்புறம் வெந்நீரும் பச்சைத்தண்ணியும் என் முன்னால் வைத்து, "கலந்து சூடு பாருங்க. வாயில சொல்லக் கூடாது. செஞ்சு காட்டுங்க" என்பாள். நான் முழங்கையை விட்டுக் காட்டுவேன். "புரிஞ்சுதுங்க" என்று ஒருநாள் பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டேன். "அந்த வார்த்தய மட்டும் என்கிட்டச் சொல்லாதீங்கம்மா" என்று எரிந்து விழுந்தாள். அவளுக்கு யூனிபாரம் இல்லை, மார்க் போட ஆள் இல்லை. தகுதி இல்லை என்று நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாய். அவள்தான் வந்து பார்க்கிறாள்.

போன வாரம் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒத்திகையை, நீ தலையாட்டியதை, பிரின்சிபாலிடம் நீ சொன்னதை. அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேன், பெரிய மனுஷி மாதிரி தட்டிக்கொடுக்கலாம் என்றுகூட நினைத்திருந்தேன். அவள் அழவில்லை. "ஒரு வருசம் கழிச்சுச் சொல்றீங்களேம்மா" என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து வழக்கம்போல் வந்து காலைப் பார்த்தாள். என்னிடம் அவள் கேட்டதை நான் உனக்கும் அனுப்புகிறேன், வைத்துக்கொள்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் உன் பிரின்சிபாலிடம் போ. நடந்ததை நடந்தபடி சொல். அந்தப் பிள்ளை கேட்டாள், நான் வாயை அடைத்தேன் என்று சொல். அவளை அடுத்த பரீட்சைக்கு உட்கார வைக்க என்ன எழுதிக் கொடுக்க வேண்டுமோ எழுதிக் கொடு. வேலை போய்விடும் என்கிறாயா? போகட்டும். காப்பிப் பழம் பறிக்க ஆள் பற்றாக்குறைதான். கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கும் நீயே சொல்லிவிடு. அவளும் உன்னோடு வாத்தியார் வேலை பார்க்கிறவள்தானே, நோயாளி முகத்தைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரியாவிட்டாலும் உன் முகத்தைப் பார்த்தாவது கண்டுபிடிக்கப் பழகட்டும்.

சொல்லவில்லை என்றாலும் உனக்குக் கல்யாணம் நடக்கும். நான் நிறுத்த மாட்டேன். மண்டபத்துக்கு வருவேன், பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, சிரித்த முகமாக வருவேன். நீதான் எனக்கு அதைப் பழக்கியிருக்கிறாயே. பெரியம்மாவிடம் நானே பேசிவிட்டேன், அவள் உட்கார மாட்டாள். பாதபூஜைக்கு நான்தான் உட்காருவேன். எல்லோர் எதிரிலும் ரப்பர் காலைக் கழற்றி நாற்காலி ஓரமாகச் சாய்த்து வைப்பேன். தைக் குளிரில் பச்சைத்தண்ணி ஆகாது, வெந்நீர் வேண்டும் என்பேன். சொம்பில் வெந்நீர் கொண்டுவருகிறவள் கோமதி. இந்தக் கடிதத்தை உன்னிடம் கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான். படித்துவிட்டுத்தான் கொடுத்திருப்பாள், படிக்கச் சொல்லித்தான் அனுப்பினேன். இதைப் படிக்கும்போது நீ தலையை நிமிர்த்தினால் எதிரில் நின்றுகொண்டிருப்பாள். அவளுக்கு உட்கார ஒரு நாற்காலி போடு.

அன்றைக்கு மேளத்தை நிறுத்தச் சொல்வேன். உன் பிரின்சிபால் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு மிச்சமிருப்பது இந்த ஒரு கால்தான், அதிலும் ஒன்றும் தெரியாது. நீ எவ்வளவு சுட வைத்து ஊற்றினாலும் நான் சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். அதனால் ஊற்றுவதற்கு முன்னால் அவள் உன்னிடம் கேட்பாள், தண்ணியை எதில் தொட்டுப் பார்ப்பீங்க சார் என்று. டைம் ஆச்சு என்று சொல்ல அன்றைக்கு யாரும் இருக்க மாட்டார்கள். தெரியும் என்று தலையாட்டாதே. பட்டுச் சட்டையின் கையை மடித்து விட்டுக்கொண்டு, செஞ்சு காட்டு சாமி.

உன் அம்மா